மே ஹோங் சோன் மலைச்சாலையும் காலைச் சந்தையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வட தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்தில் புறப்பட்டு, பாய், மே ஹோங் சோன், மே சாரியாங் ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு, மீண்டும் சியாங் மாய்க்கே வந்து சேரும் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் மலைச்சாலையில் மோட்டார் சைக்கிளில் போய்வந்ததையும், வழியெல்லாம் சாப்பிட்டதையும் பற்றி இரண்டு இதழ்களுக்கு முன் இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பல, உண்மையிலேயே கிளம்பத் தயாராக இருப்பவர்கள் எழுதியவை. அவர்களுக்குக் காலத்தோடு பயன்பட வேண்டும் என்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் அவர்களுடைய கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நண்பர்கள் நால்வரும் நீண்ட தூரம் ஓட்டிப் பழகியவர்கள். ஒரே நாளில் 500 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறோம். இந்த 600 கிலோமீட்டரை இரண்டு நாட்களில் முடித்துவிட்டு, மீதமுள்ள நாட்களைக் கடற்கரையில் கழிக்கலாம் என்று நினைக்கிறோம். சரிதானே? (வங்கியில் பணிபுரியும் வாசகர்)

பதில்: முடித்துவிடலாம். ஆனால் பார்க்க நினைத்ததில் பாதி கண்ணில் படாது. சாப்பிட நினைத்ததில் ஏறக்குறைய எதுவுமே கிடைக்காது. சமவெளி நெடுஞ்சாலையில் 500 கிலோமீட்டர் ஓட்டுவதும் இந்தச் சாலையில் 130 கிலோமீட்டர் ஓட்டுவதும் உடம்புக்கு ஒன்றுதான். இந்தச் சுற்றில் மொத்தம் 1,864 வளைவுகள் இருப்பதாகக் கணக்கிட்டு, சுற்றி வருபவர்களுக்குச் சான்றிதழே வழங்குகிறார்கள். சியாங் மாய்க்கும் பாய்க்கும் இடையில் மட்டும் 762 வளைவுகள் என்று பாய் ஊரில் விற்கும் பனியன்களில் அச்சிட்டிருக்கிறார்கள். மணிக்குச் சராசரியாக 35, 40 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது, போகவும் கூடாது.

நான் இன்னொரு காரணத்துக்காகவும் ஆறு நாட்கள் வேண்டும் என்பேன். மலையூர்களில் நல்ல சாப்பாடு காலைச் சந்தையில்தான் இருக்கிறது. அந்தச் சந்தை விடிவதற்கு முன்பே கூடி, எட்டு மணிக்கெல்லாம் கலையத் தொடங்கிவிடும். முதல் முறை போனபோது, வெயிலுக்கு முன் தூரத்தைக் கடந்துவிட வேண்டும் என்ற நம் ஊர்ப் பழக்கத்தில் தினமும் ஆறு மணிக்கே வண்டியைக் கிளப்பினேன். நான்கு ஊர்களின் சந்தைகளும் எனக்குப் பின்னால் நடந்து முடிந்தன. எனக்குக் கிடைத்தது பெட்ரோல் நிலையத்துப் பிஸ்கட்டும் கண்ணை மறைக்கும் பனிமூட்டமும்தான். மே ஹோங் சோனுக்கே ‘மூன்று மூடுபனிகளின் ஊர்’ என்றுதான் பெயர். குளிர்காலத்தில் ஒன்பது மணிக்கு முன் அங்கே பள்ளத்தாக்குத் தெளிவதில்லை. இரண்டாம் முறை நாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். ஆறு மணிக்குச் சந்தை. பனி விலகியதும் ஒன்பது மணிக்குப் பயணம். பிற்பகல் மூன்று மணிக்குள் அடுத்த ஊர். அதன் பிறகு எதையும் தவறவிடவில்லை.

முதல் நாள் பாய், இரண்டாம் நாள் அங்கிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டரில் மே ஹோங் சோன், மூன்றாம் நாள் அதே ஊரில் தங்கல், நான்காம் நாள் குன் யுவாம் வழியாக மே சாரியாங், ஐந்தாம் நாள் ஓப் லுவாங் பள்ளத்தாக்கைக் கடந்து சோம் தோங், ஆறாம் நாள் தாய்லாந்தின் மிக உயரமான சிகரமான, 2,565 மீட்டர் உயரமுள்ள தோய் இந்தனோன் மீது ஏறி இறங்கிச் சியாங் மாய். கடற்கரை எங்கும் போய்விடாது. அதை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது. இருபது ஆண்டுகளாக ஸ்கூட்டர்தான் ஓட்டுகிறேன். கணவர் பின்னால் அமர்ந்து வருவார். 125 சிசி ஸ்கூட்டர் அந்த மலைக்குப் போதுமா? (இல்லத்தரசி, வயது 46)

பதில்: அம்மா, ஏற்றத்துக்குப் போதும். எனக்குக் கவலை இறக்கத்தைப் பற்றித்தான்.

ஸ்கூட்டரில் எஞ்சினின் விசை ஒரு பெல்ட் வழியாகவும், வேகத்தைப் பொறுத்துத் தானாகவே பிடிக்கவும் விலகவும் செய்யும் ஒரு கிளட்ச் வழியாகவும் பின்சக்கரத்துக்குப் போகிறது. கியர் வண்டியில் இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும். ஸ்கூட்டரில் அந்தப் பிடிப்பு மிகவும் குறைவு; வேகம் ஓரளவுக்குக் கீழே இறங்கியதும் கிளட்ச் விலகிவிடுவதால் அந்தக் கொஞ்சமும் போய்விடும். அதன் பிறகு இருவரின் எடையும் பையின் எடையும் முழுவதுமாகப் பிரேக்கின் மீதுதான். இருபது நிமிடம் தொடர்ந்து பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் தட்டு சூடேறி, அந்தச் சூடு பிரேக் எண்ணெய்க்கும் ஏறி, எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டுவிடும். அப்போது கைப்பிடியை அழுத்தினால் பஞ்சை அழுத்துவது போல உள்ளே போகும், வண்டி நிற்காது.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. தோய் இந்தனோனிலிருந்து வாடகை ஸ்கூட்டரில் இறங்கும்போது, முதலில் மூக்கில் கருகல் வாடை வந்தது. அடுத்த வளைவில் முன் பிரேக் கைப்பிடி தளர்ந்து பிடிக்குள் போனது. மேடாக இருந்த ஓரத்து மண்ணில் வண்டியை ஏற்றி நிறுத்தினேன். அரை மணி நேரம் ஆறவிட வேண்டியிருந்தது. அங்கே ஓர் அம்மையார் தணலின் முன் மூங்கில் குழாய்களைச் சாய்த்து நிறுத்தி, பசையரிசியையும் தேங்காய்ப்பாலையும் கறுப்புப் பயற்றையும் உள்ளே அடைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார். காவ் லாம் என்பது அதன் பெயர். கருகிய மேல்பட்டையைக் கத்தியால் சீவியெறிந்துவிட்டு, மீதமுள்ள மெல்லிய தோலை வாழைப்பழம் உரிப்பது போல உரித்துத் தந்தார். மூங்கிலின் உட்புறச் சவ்வு சோற்றின் மேல் வெள்ளைக் காகிதம் போல ஒட்டிக்கொண்டு வந்தது. அதையும் சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும் என்று சைகையால் காட்டினார். அன்றைக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தச் சுவை இன்றும் நாக்கில் இருக்கிறது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, ஹோண்டா வேவ் போன்ற வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே. அதில் கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லை. காலால் மிதித்து மாற்றும் நான்கு கியர்கள் மட்டும் உண்டு. ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்தவர் ஒரே பிற்பகலில் பழகிவிடலாம். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று மலைச்சாலை ஓட்டுநர்கள் சொல்வது அதற்கும் பொருந்தும். ஸ்கூட்டர்தான் என்றால், கணவருக்குத் தனி வண்டி எடுத்துக்கொடுங்கள். பிரேக்கை இலேசாகத் தேய்த்துக்கொண்டே இறங்காமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுவதுமாக விட்டுவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி ஆறவிடுங்கள்.

கேள்வி: இந்திய ஓட்டுநர் உரிமத்தில் ஆங்கிலமும் இருக்கிறது. வாடகைக் கடைகளில் உரிமத்தைக் கேட்பதே இல்லை என்றும் சொல்கிறார்கள். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்க அலைய வேண்டுமா? (கல்லூரி மாணவர்)

பதில்: கட்டாயம் வாங்குங்கள். கடைக்காரர் கேட்காமல் இருப்பது அவருடைய வசதி. உங்களுக்கு அது பாதுகாப்பு ஆகாது. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படி வழங்கப்படும் அனுமதி தாய்லாந்தில் செல்லும். இந்தியாவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தருவது அதுவே. ஓராண்டு வரை செல்லுபடியாகும். மோட்டார் சைக்கிள் வகைக்கு முத்திரை குத்தியிருக்கிறார்களா என்பதை அலுவலகத்தை விட்டு வெளியே வருமுன் பார்த்துவிடுங்கள். காருக்கு மட்டும் குத்தியிருந்தால் மலைமேல் அது வெறும் காகிதம். உரிய அனுமதி இல்லாமல் விபத்தில் சிக்கினால் பயணக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவச் செலவைத் தர மறுத்துவிடும். எத்தனை சிசி வரை காப்பீடு உண்டு என்ற விதியையும் படித்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு ஈடாகக் கடவுச்சீட்டை ஒருபோதும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பணமாக முன்தொகை கட்டும் கடையைத் தேடுங்கள். எல்லைக்கு அருகில் போகும் சாலை என்பதால் வழியில் சோதனைச் சாவடிகள் உண்டு. அங்கே கடவுச்சீட்டைக் கேட்பார்கள். வண்டியை எடுக்கும்போது அதன் கீறல்களை எல்லாப் பக்கமும் படம்பிடித்துக்கொள்ளுங்கள். அங்கேயும் சாலையின் இடப்புறமே செல்ல வேண்டும் என்பது நமக்கு ஒரு வசதி. சுற்றுலாக் காவல்துறைக்கு 1155, அவசர மருத்துவ ஊர்திக்கு 1669 ஆகிய எண்களைக் கைப்பேசியில் மட்டுமல்லாமல் ஒரு தாளிலும் எழுதி வைத்திருங்கள். பல பள்ளத்தாக்குகளில் கைப்பேசியின் மின்கலம் சிக்னலைத் தேடித் தேடியே தீர்ந்துவிடும்.

கேள்வி: நீங்கள் காவ் சோய் பற்றி விரிவாக எழுதினீர்கள். அதைத் தவிர அந்த மலையில் சாப்பிட வேண்டியவை எவை? அவை தாய்லாந்தின் மற்றப் பகுதி உணவிலிருந்து ஏன் வேறுபடுகின்றன? (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்)

பதில்: ஐயா, உங்கள் பாடத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. அந்த மலைகள் நீண்ட காலம் பாங்காக்கோடு சேர்ந்தவை அல்ல. 1296இல் மன்னர் மங்ராய் சியாங் மாயை நிறுவி, லன்னா அரசின் தலைநகராக்கினார். 1558இல் அது பர்மியர் கைக்குப் போய், இரு நூற்றாண்டுகளுக்கு மேல் அவர்கள் பிடியில் இருந்தது. வடக்கே சீனாவின் யுன்னானிலிருந்து கோவேறு கழுதைகளில் சரக்கேற்றி வந்த வணிகர்கள் இதே கணவாய்களின் வழியாகப் போய்வந்தார்கள். பர்மாவின் மலைப்பகுதியைச் சேர்ந்த ஷான் மக்கள் மே ஹோங் சோன் பள்ளத்தாக்கில் குடியேறினார்கள். வந்தவர்கள் எல்லோரும் எதையாவது அடுப்பில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கடல் தூரம், தென்னை அரிது, காடு அருகில் என்ற மூன்றையும் சேர்த்துக்கொண்டால் அந்தச் சமையல் முழுவதும் புரிந்துவிடும்.

முன்பு எழுதியதைப் படிக்காதவர்களுக்காக ஒரு வரி: காவ் சோய் என்பது மசாலாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்த குழம்பில் முட்டை நூடுல்ஸையும் கோழி அல்லது மாட்டிறைச்சியையும் போட்டு, மேலே பொரித்த நூடுல்ஸைத் தூவி, ஊறவைத்த கடுகுக்கீரை, சின்ன வெங்காயம், எலுமிச்சை ஆகியவற்றோடு தருவது. யுன்னானிலிருந்து வந்த சீன முஸ்லிம் வணிகர்களோடு தொடர்புடையது.

ஆனால் மலையின் மற்றக் குழம்புகளில் தேங்காய்ப்பால் பெரும்பாலும் கிடையாது. கேங் ஹங் லே என்ற பன்றிக்கறிக் குழம்பைப் பாருங்கள். கொழுப்போடு கூடிய துண்டுகள், மெல்லிய நீளக் கீற்றுகளாக அரிந்த இஞ்சி, புளி, ஊறவைத்த பூண்டு ஆகியவற்றோடு நம் மசாலாப் பொடிக்கு உறவான ஒரு பொடியும் சேர்ந்து மணிக்கணக்கில் கொதிக்கும். பர்மாவிலிருந்து வந்தது; வாசனை நமக்கு உடனே பிடிபடும். சாய் உவா என்ற பன்றித் தொத்திறைச்சியை எலுமிச்சைப்புல், காஃபிர் எலுமிச்சை இலை, மஞ்சள், மிளகாய் எல்லாம் அரைத்துச் சேர்த்து, சுருளாகச் சுற்றிக் கரியடுப்பின் மேல் சுடுவார்கள். பச்சை மிளகாயையும் பூண்டையும் வெங்காயத்தையும் தணலில் கருகச் சுட்டு, தோலுரித்து உரலில் இடித்தால் அது ‘நாம் பிரிக் நும்’ என்ற துவையல்.

இவற்றையெல்லாம் தொட்டுச் சாப்பிடுவது பசையரிசிச் சோற்றோடுதான். ஆவியில் வெந்த சோறு மூடியுள்ள சிறு மூங்கில் கூடையில் வரும். ஓர் எலுமிச்சை அளவு எடுத்து, மூன்று விரல்களால் அழுத்தி உருட்டி, ஒரு பக்கத்தைக் கட்டைவிரலால் குழித்து, அந்தக் குழியில் துவையலை வாரிக்கொள்ள வேண்டும். கையால் உண்பவர்கள் நாம்; இந்த வித்தை ஒரு வேளையிலேயே கைவந்துவிடும். உணவகத்தார் முள்கரண்டியோடு வந்தால் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘கனோம் சீன் நாம் ஙியாவ்’. நம் இடியாப்பத்தைப் போலப் பிழிந்தெடுத்த, இலேசாகப் புளித்த அரிசி நூலின் மேல், தக்காளியும் பன்றி எலும்பும் இரத்தக் கட்டிகளும் சேர்ந்த சிவந்த சாற்றை ஊற்றுகிறார்கள். அதில் காய்ந்த கறுப்புக் குச்சிகள் போல ஏதோ மிதக்கும். சந்தையில் ஒரு பெண்மணி அதன் மூலப்பொருளை உள்ளங்கையில் வைத்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது, அது முள்ளிலவ மரத்துப் பூவின் கேசரம். கிளி காத்திருந்து ஏமாந்ததாக நாம் கதை சொல்லும் இலவ மரத்தின் இனத்தில், காய் வரை காத்திராமல் பூவிலேயே உணவைக் கண்டுகொண்டவர்கள் அவர்கள். தனியே மென்றால் சுவை அதிகமில்லை. ஆனால் சாறு முழுவதையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கடிக்கும்போது விட்டுக்கொடுக்கிறது.

மே ஹோங் சோன் சந்தையில் ஷான் மக்களின் மஞ்சள் டோஃபுவை விட்டுவிடாதீர்கள். டோஃபு என்று பெயர் இருந்தாலும் அதில் சோயா இல்லை. பருப்பு மாவைக் கரைத்துக் கூழாகக் காய்ச்சியது. சூடான கூழை நூடுல்ஸின் மேல் ஊற்றி, வேர்க்கடலையும் எள்ளும் மிளகாய் எண்ணெயும் கொத்தமல்லியும் தூவித் தருவார்கள். ஆறி இறுகியதை வெட்டிப் பொரித்துப் புளிச்சாற்றோடும் தருவார்கள். பனிமூட்டத்தில் விறைத்த கைகளால் அந்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்வதே ஒரு சுகம். அந்த ஊரிலிருந்து வடக்கே எல்லையோரத்தில் உள்ள பான் ராக் தாய் என்ற சிற்றூரில், சீன உள்நாட்டுப் போருக்குப் பின் யுன்னானிலிருந்து வந்து தங்கிவிட்ட கோமிங்டாங் (சீனத் தேசியவாதக் கட்சி) படையினரின் வழித்தோன்றல்கள் தேயிலை பயிரிடுகிறார்கள். பன்றிக்கால் குழம்பும் ஆவியில் வேகவைத்த ரொட்டியும் அங்கே சாப்பிட வேண்டியவை. கோடையின் தொடக்கத்தில் போனால் முசுற்று எறும்பின் முட்டைகளைக் காட்டுக்கீரையோடு சேர்த்துச் சமைத்ததும் கிடைக்கும். புளிப்பும் மென்மையுமாக இருக்கும்.

கேள்வி: நாங்கள் சைவம். முட்டையும் சாப்பிட மாட்டோம். உங்கள் கட்டுரையில் பாதி பன்றிக்கறியாக இருந்தது. எங்களுக்கு அந்தப் பயணத்தில் என்ன இருக்கிறது? (சித்த மருத்துவம் பயிலும் வாசகி)

பதில்: நியாயமான கேள்வி, அம்மா. கறியைத் தவிர்ப்பது எளிது. மீன்சாற்றையும் இறால் விழுதையும் தவிர்ப்பதுதான் கடினம். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் கீரையை மீன்சாற்றில் வதக்கித் தருவார்கள். அவர்கள் கணக்கில் அது இறைச்சி அல்ல. நீங்கள் சொல்ல வேண்டிய சொல் ‘ஜே’. சீன பௌத்த மரபிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு முட்டை, பால், மீன்சாறு எதுவும் இல்லாத உணவு என்று எல்லோருக்கும் தெரியும். பூண்டும் வெங்காயமும்கூட அதில் சேராது. மஞ்சள் துணியில் சிவப்பெழுத்துப் போட்ட கொடி தொங்கும் கடை ஜே கடை. சியாங் மாயிலும் பாயிலும் அத்தகைய கடைகள் பல. மே சாரியாங் பக்கம் தேட வேண்டியிருக்கும்.

சந்தையில் உங்களுக்குப் பசியே இருக்காது. மேலே சொன்ன காவ் லாம், தணலில் சுட்ட வாழைப்பழம், வாழையிலையில் பொதிந்து அவித்த பசையரிசிப் பண்டங்கள், சோளம், மலைப் பழங்கள் எல்லாம் உண்டு. மஞ்சள் டோஃபுவில் மேலே ஊற்றும் சாற்றை மட்டும் என்னவென்று கேட்டுக்கொள்ளுங்கள். நாம் பிரிக் நும் துவையலில் சிலர் மீன்சாறு சேர்ப்பார்கள், சிலர் உப்போடு நிறுத்திக்கொள்வார்கள். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். உங்கள் தேவையைத் தாய்லாந்து மொழி எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி வாங்கி வைத்துக்கொள்வது எல்லாவற்றையும் விடப் பயன்படும். பேச்சில் ஒலி சற்று மாறினாலும் பொருள் மாறிவிடும் மொழி அது. எழுத்தில் அந்தக் குழப்பம் இல்லை.

கேள்வி: பள்ளி விடுமுறையை ஒட்டி ஏப்ரலில் போகலாமா? (அரசு ஊழியர்)

பதில்: ஏப்ரல் வேண்டாம். பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை அந்த மலைகளில் புகைக்காலம். அறுவடை முடிந்த சோளக் கொல்லைகளைக் கொளுத்துவதும், காட்டுத்தீயும், எல்லைக்கு அப்பாலிருந்து வரும் புகையும் பள்ளத்தாக்குகளில் தேங்கிவிடும். உலகிலேயே காற்று மிக மோசமான நகரங்களின் பட்டியலில் அந்த மாதங்களில் சியாங் மாய் முதலிடத்துக்கு வந்த நாட்கள் உண்டு. காரில் போகிறவர் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிளில் அந்தப் புகையை நாள் முழுவதும் சுவாசித்துக்கொண்டே போக வேண்டும். எதிர்மலை தெரியாத நாளில் மலைச்சாலைக்கு என்ன பொருள்?

அந்தத் தீயோடு ஓர் உணவும் சேர்ந்திருக்கிறது. முதல் மழைக்குப் பின் மண்ணுக்கடியில் உருண்டையாக வளரும் ஹெட் தொப் என்ற காளானுக்கு அங்கே பெரிய மதிப்பு. கடித்தால் மேல்தோல் மொறுமொறுப்பாக உடையும். உள்ளே குழைவாக இருக்கும். சருகு எரிந்த தரையில் அதைத் தேடியெடுப்பது எளிது என்பதால், காட்டில் தீ வைப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. நான் அதை விரும்பிச் சாப்பிட்டிருக்கிறேன். இந்தச் செய்தி தெரிந்த பிறகு முன்போல மனம் ஒன்றிச் சாப்பிட முடியவில்லை.

நவம்பர் முதல் ஜனவரி வரை போங்கள். நவம்பரில் குன் யுவாம் அருகே தோய் மே ஊ கோ மலைச்சரிவு முழுவதும் காட்டுச் சூரியகாந்தி மஞ்சளாகப் பூத்திருக்கும். டிசம்பரிலும் ஜனவரியிலும் தோய் இந்தனோன் உச்சியில் புல்லின் மேல் உறைபனி படியும். காலையில் ஏறுவதானால் தடித்த கையுறையும் கழுத்தை மூடும் துணியும் கட்டாயம். ஜனவரிக்குப் பின் தேக்கு இலையுதிர்க்கத் தொடங்கும். முறம் போன்ற அந்தக் காய்ந்த இலைகள் வளைவின் உட்புறத்தில் குவிந்து கிடந்தால், அவற்றின் மேல் சாய்ந்து திரும்பாதீர்கள். டயருக்கும் சாலைக்கும் நடுவே அவை வழுக்குப் பலகை.

கேள்வி: வழியில் பெட்ரோல் கிடைக்குமா? (வாகனப் பழுதுபார்ப்பவர்)

பதில்: பாய், மே ஹோங் சோன், குன் யுவாம், மே சாரியாங் ஆகிய எல்லா ஊர்களிலும் கிடைக்கும். இடையில் சிற்றூர்க் கடைகளில் புட்டியிலும் கைப்பம்பு வைத்த பீப்பாயிலும் விற்பார்கள். பாதித் தொட்டி ஆனதும் நிரப்பிவிடுங்கள். 91 அல்லது 95 என்று எண்ணிட்ட, எத்தனால் கலந்த பெட்ரோலான காசோஹால் போடலாம். இ85 என்பதில் எத்தனால் மிகவும் அதிகம், சாதாரண மோட்டார் சைக்கிளுக்கு ஆகாது.

கேள்வி: எங்கே போனாலும் அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதையே சாப்பிடுவது என் கொள்கை. பச்சை இறைச்சியில் செய்யும் லாப் பற்றி உங்கள் கருத்து என்ன? (புகைப்படக் கலைஞர்)

பதில்: உங்கள் கொள்கை எனக்கும் உடன்பாடானதுதான், இந்த ஒன்றில் மட்டும் அதை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பொடியாகக் கொத்திய இறைச்சியில் செய்யும் வடக்கின் லாப் அருமையான உணவு. எலுமிச்சையும் வறுத்த அரிசிப்பொடியும் சேர்க்கும் வடகிழக்குப் பகுதி லாப்பைப் போல அது இருக்காது. காய்ந்த மிளகாயும், நாக்கை மரமரக்க வைக்கும் மக்வேன் என்ற காட்டுக்காயும் வேறு பல வாசனைப் பொருட்களும் வறுத்திடித்துச் சேர்த்தது. அதைப் பச்சையாகவும் இரத்தத்தோடும் உண்பது அங்கே விருந்துகளில் பழைய வழக்கம்.

ஆனால் பச்சைப் பன்றிக்கறியிலும் இரத்தத்திலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்ற கிருமி இருக்கக்கூடும். அது மூளையுறையைத் தாக்கும். பிழைத்தவர்களில் பலருக்குக் காது நிரந்தரமாகக் கேட்காமல் போயிருக்கிறது. வட தாய்லாந்திலேயே இத்தகைய நோயாளிகள் ஆண்டுதோறும் வருவதால், அந்நாட்டுச் சுகாதாரத் துறை பச்சையாக உண்ண வேண்டாம் என்று தன் மக்களிடமே சொல்லிவருகிறது. ‘லாப் குவா’ என்று கேளுங்கள். அதே மசாலாவில் வாணலியில் நன்றாகக் கிளறி வேகவைத்துத் தருவார்கள். வாசனையில் எந்தக் குறையும் இராது.

கேள்வி: பையில் இடமே இல்லை. ஒரே ஒரு பொருளை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்றால் எதைக் கொண்டுவருவீர்கள்? (நடுத்தர வயது வாசகி)

பதில்: துவா நாவ். சோயாவை வேகவைத்து, இரண்டு மூன்று நாட்கள் புளிக்கவிட்டு, இடித்து, அப்பளம் போலத் தட்டி வெயிலில் காயவைத்தது. ‘கெட்டுப்போன பயறு’ என்பதே அந்தப் பெயரின் பொருள். கடல் மீன்சாறு எட்டாத மலையில் குழம்புக்கு ஆழம் தந்தது இதுதான். ஷான் மக்களின் சமையலில் இன்றும் இது இல்லாமல் அடுப்பெரியாது. மே ஹோங் சோன் சந்தையில் அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். பத்து வில்லைகள் சட்டைப்பைக்குள் அடங்கும், எடையே தெரியாது. வாடை கொஞ்சம் உண்டு என்பதால் இரண்டு உறைகளில் போட்டு இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு வில்லையை இடுக்கியில் பிடித்து, சிறு தீயில் இரண்டு பக்கமும் காட்டுங்கள். ஓரம் சற்றுச் சிவந்து, எள் வறுபட்டது போல மணம் எழும்போது எடுத்துவிட வேண்டும். பிறகு சுட்ட காய்ந்த மிளகாய், உப்பு, ஒரு பல் பூண்டு சேர்த்து உரலில் கரகரப்பாக இடித்து, சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்துகொள்ளுங்கள்.